பெங்களூரில் மாவுக் கடை: சம்பளத்திலிருந்து வெளியே வர மூன்று வழிகள்

ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் வேலை, பத்துப் பதினைந்து வருஷ சர்வீஸ், கையில் கொஞ்சம் சேமிப்பு. "அண்ணா, வேலையை விட்டுட்டு ஒரு கடை போடலாமா?" இட்லி மாவு, டிபன் கடை, மெஸ் என்று ஏதோ ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருக்கும். எந்த வழியாக என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எனக்குத் தெரிந்து வழி மூன்று. வேலையில் இருந்துகொண்டே வீட்டில் தொடங்கலாம். வேலையை விட்டுப் புதுக் கடை போடலாம். ஓடிக்கொண்டிருக்கும் கடையை குட்வில் (கடையின் பெயருக்கும் வாடிக்கைக்குமான விலை) கொடுத்து எடுக்கலாம். நான் முதல் வழியில் வந்தேன், என் மச்சான் மூன்றாவது வழியில் போனார். பெரிய பிராண்டின் ஃபிரான்சைஸ் எடுப்பது நாலாவது வழி. அதில் போடுகிற பணத்துக்கு நம் கையில் தீர்மானம் மிகக் குறைவு என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்த வழியானாலும், விட்டுப்போகிற சம்பளம் எவ்வளவு என்று முதலில் சரியாக எழுதிப் பாருங்கள். கையில் 40,000 வருகிறது என்றால் கடையும் 40,000 கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப். நின்றுவிடும். குடும்பத்துக்கே இருந்த மெடிக்கல் பாலிசி வேலையோடு போய்விடும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பி.பி. போன்றவற்றுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே பாலிசி எடுத்து அந்தக் காலத்தைக் கழித்துக்கொள்வது நல்லது. நாலரை வருஷ சர்வீஸில் நிற்பவர் அவசரப்பட வேண்டாம். ஐந்து முடிந்தால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளக் கணக்கில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷம். ஒன்பது வருஷத்தில் கடிதம் கொடுத்துவிட்டு வந்தவரை எனக்குத் தெரியும். இன்றும் அதைச் சொல்லி வருத்தப்படுகிறார்.

வேலையோடு சேர்த்து

நான் 2022 ஜூனில் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்றை வீட்டில் வைத்துத் தொடங்கினேன். காலையில் அரிசி ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போவேன், சாயங்காலம் நானும் மனைவியும் அரைப்போம், மறுநாள் விடியற்காலையில் கடைகளுக்குப் போடுவோம்.

கணக்கை அப்படியே சொல்கிறேன். ஒரு கிலோ இட்லி அரிசிக்கும் கால் கிலோ உளுந்துக்கும் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். அரிசி, உளுந்து, கவர், கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து எனக்குக் கிலோவுக்கு 30 ரூபாய் அடக்கம். விலை 50. கடைக்காரர் 8 எடுத்துக்கொண்டால் எனக்கு 12 நிற்கும், அக்கம்பக்கத்தில் நேராக விற்றால் 20. ஒரு நாளைக்கு 40 கிலோவில் 25 கடைகளுக்கும் 15 நேராகவும் போனால் 600 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 15,600. இதில் புளித்துத் திரும்பி வரும் பாக்கெட்டுகளுக்கு ஒரு இரண்டாயிரம் கழியுங்கள். அந்தத் திரும்பி வரும் பாக்கெட்டைப் பற்றி எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை, வியாபாரத்தைத் தீர்மானிப்பதே அதுதான்.

இந்த வழியின் பெரிய லாபம், தவறுகளைச் சம்பளத்தின் நிழலில் செய்யலாம் என்பது. பெங்களூர்க் குளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் மாவு பொங்காது. சென்னையில் அரைத்துப் பழகிய கை இங்கே ஏமாறும். முதல் குளிர்காலத்தில் வாரம் முழுக்க எனக்குப் பாக்கெட்டுகள் திரும்பி வந்தன. அரைக்கும் நேரத்தை முன்னே தள்ளி, தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிச் சரிசெய்யவே ஒரு மாதம் ஆனது. முழு நேரக் கடையாக இருந்திருந்தால் அந்த மாத வாடகையை எங்கிருந்து கட்டியிருப்பேன்?

இதே நகரத்தில் 2005இல் ஒரு சின்ன சமையலறையில் தொடங்கியதுதான் ஐடி ஃபிரெஷ் ஃபுட் என்ற மாவு பாக்கெட் கம்பெனி. உறவுக்காரத் தம்பிகள் மாவைப் பார்த்துக்கொள்ள, பணம் போட்ட பி.சி.முஸ்தபா முழு நேரமாக வந்தது பிறகுதான். பெரியவர்களும் ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டுதான் மறு காலைத் தூக்கியிருக்கிறார்கள்.

குறையும் உண்டு. உடம்பு தாங்காது. ஒன்றரை வருஷத்துக்கு மேல் இப்படி ஓட்டுவது மிகவும் கஷ்டம் என்பது என் அனுபவம். தேவை 60 கிலோ ஆனபோது என்னால் கொடுக்க முடியவில்லை, இரண்டு கடைகள் வேறு ஆளிடம் போயின. அப்புறம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக்கூடாது என்று அதில் இருந்தால் மனைவி பெயரில் முறையாகப் பதிவுசெய்து, உண்மையிலேயே அவர் நடத்தட்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வீட்டில் அரைத்து விற்றாலும் வேண்டும்.

விட்டுவிட்டுப் புதுக் கடை

இதில் அட்வான்ஸ் கொடுக்கிற நாளிலேயே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். 18,000 வாடகை என்றால் 1,80,000 அங்கேயே முடங்கும். ட்ரேட் லைசென்ஸ், வணிகக் கட்டண கரண்ட் இணைப்பு, 60 சதவீதம் கன்னடம் இருக்கும் போர்டு, கிரைண்டர், ஃபிரிட்ஜ் என்று அடுக்கிக்கொண்டே போகும். அரசுத் திட்டமான முத்ரா தொழில் கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, அடமானம் கேட்கக்கூடாது. ஆனால் வங்கிக்குள் நுழையும்போது சம்பளச் சீட்டு இருப்பவருக்கும் நேற்று வேலையை விட்டவருக்கும் கிடைக்கிற மரியாதை ஒன்றல்ல. தொழில் ஆரம்பித்த பிறகு மற்ற கடன்களுக்கு இரண்டு மூன்று வருஷ ஐ.டி. ரிட்டர்ன் கேட்பார்கள். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இந்த வழி பொருந்தும்? வீட்டில் இன்னொருவருக்கு நிலையான வருமானம் இருந்து, அந்தத் தொழிலிலேயே கைப்பழக்கமும் இருந்தால் தாராளமாகப் போகலாம். மற்றவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

ஓடும் கடையை எடுப்பது

பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் இரண்டாவதாக வைப்பேன். வாடிக்கை, அடுப்பு, லைசென்ஸ், ஆள் எல்லாம் இருக்கும். முதல் நாளே கல்லாவில் பணம் விழும். மச்சான் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு மெஸ்ஸை மூன்றரை லட்சம் குட்வில் கொடுத்து எடுத்தார். "ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் ஓடுது" என்றார் பழைய ஓனர். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒன்பதாயிரம் சமையல் மாஸ்டரின் கைக்காக வந்தது. ஓனர் போன மறு மாதமே மாஸ்டரும் போனார், வியாபாரம் ஐந்தாயிரத்துக்கு இறங்கியது. பற்று நோட்டில் இருந்த பாக்கியும் வரவில்லை.

அன்றிலிருந்து நான் சொல்வது: பணம் கொடுக்கும் முன் பதினைந்து நாள் கல்லாப் பக்கத்தில் உட்காருங்கள். ஓனர் சொல்லும் வியாபாரத்தை நம்ப வேண்டாம், கேஸ் சிலிண்டர் பில்லையும் பால் பில்லையும் கேளுங்கள். கொஞ்சம் பால் மட்டும் வாங்கிய கடையில் ஐந்நூறு காபி விற்றிருக்க முடியாது. கட்டட உரிமையாளர் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதித் தருவாரா என்பதை அவர் வாயாலேயே கேளுங்கள். மாஸ்டரிடம் தனியாகப் பேசி, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வரி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாக்கெட் மாவு பொருள் விற்பனை. வருஷம் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். டிபன் பரிமாறுவது சேவை. அங்கே வரம்பு 20 லட்சம், அதாவது ஒரு நாளைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான். மச்சான் எடுத்த மெஸ் அதை எப்போதோ தாண்டியிருந்தது, பதிவு இல்லை. 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை யு.பி.ஐ. வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பல கடைகள் கியூ.ஆர். அட்டையைக் கழற்றி வைத்ததும் நினைவிருக்கும். தொழிலை முழுதாக வாங்கினால் பழைய வரிப் பாக்கிக்கு வாங்கியவரும் பொறுப்பு. ஒரு ஆடிட்டருக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தில் கஞ்சம் பார்க்காதீர்கள். மச்சான் பிறகு, விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் பதிவு செய்து 5 சதவீதம் கட்டுகிறார், புது மாஸ்டரும் நிலைத்துவிட்டார். ஆனால் போட்ட குட்வில்லை எடுக்க இரண்டு வருஷம் ஆனது.

என் கதையில் நான் வேலையை விடுவதற்கு ஒரு அளவு வைத்திருந்தேன். திரும்பி வந்ததைக் கழித்த பிறகு, தொடர்ந்து ஆறு மாதம் வீட்டுச் செலவில் பாதியை மாவு கொடுக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஐந்தாவது மாதம். அந்த மாதம்தான் பெங்களூரில் தண்ணீர் வற்றியது. எங்கள் கட்டடத்து போர்வெல் காற்று விட்டது, டேங்கர் விலைக்கு அரசே உச்சவரம்பு வைக்கும் நிலைமை. அரிசி கழுவவும் கிரைண்டர் கழுவவும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அப்போதுதான் அளந்து பார்த்தேன். அந்த மாதம் கையிலிருந்து போட்டேன், சம்பளம் காப்பாற்றியது. ஆறு மாத எண்ணிக்கையை ஏப்ரலில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். நோட்டீஸ் கடிதம் கொடுத்தது அக்டோபரில். அதற்குள் காவிரித் தண்ணீர் இணைப்பும் சம்ப்பும் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கும் ஒரு சின்ன இடத்தைப் பார்த்து வைத்திருந்தேன்.