சேலத்தில் பைக் சீட்டுக்கு ஜெல் வைக்கக் கொடுப்பவர்களுக்கு: கவரை மூடுவதற்கு முன்னால் பாருங்கள்

4,800 ரூபாய். ஜெல், அதாவது நெடுநேரம் உட்கார்ந்தாலும் வலிக்காமல் இருக்கச் சீட்டுக்குள் பதிக்கிற மெத்தென்ற பட்டை, வைத்த சீட்டுக்காகக் கொடுத்த பணம். நேற்று கவரைப் பிரித்தால் உள்ளே ஜெல் பொட்டுக்கூட இல்லை. கடைப் பெயரைப் போடவில்லை. சீட் கவர் தைத்து, ஃபோம் வேலையும் செய்து, ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கிற சேலத்துக் கடை என்பதோடு விடுகிறேன்.

கடைக்காரர் பேசும்போது எல்லாம் சரியாகத்தான் பேசினார். வண்டியோடு வந்த கம்பெனி ஃபோமில் உட்காரும் இடத்தில் 12 மி.மீ. குழி வெட்டி, அதே கனத்துக்கு ஜெல் பதித்து, மேலே 5 மி.மீ. மெல்லிய ஃபோம் ஒட்டி, தண்ணீர் இறங்காமல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அப்புறம் கவர். முறை இதுதான். ஜெல்லைப் பதிக்காமல் மேலேயே வைத்தால் விளிம்பு தொடையில் உறுத்தும், வெயிலில் நிறுத்திய வண்டியில் உட்கார முடியாத சூடு ஏறும். இதையும் அவரே சொன்னார். ஒரு ஜெல் துண்டைக் கையில் கொடுத்து, "கட்டைவிரல்ல அமுக்கிப் பாருங்கண்ணா, அடியில தட்டுதா? என் வண்டியிலயும் இதாங்க" என்றார். நம்பியது அந்தத் துண்டைத்தான். கோயம்புத்தூரிலிருந்து சரக்கு வரணும் என்று முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 'சீட் ஒர்க் 4800' என்று கிறுக்கிக் கொடுத்தார்.

உள்ளே என்ன இருந்தது? கம்பெனி ஃபோம் அச்சில் ஊற்றி ஒரே கட்டியாக வார்த்த பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம். அதை நடுவில் அடித்தட்டு தெரிகிற வரை வெட்டி எறிந்துவிட்டு, மெத்தைக்குப் போடுகிற ஸ்பாஞ்சை இரண்டு துண்டாக அடைத்திருக்கிறார்கள். பசை ஓரத்தில் மட்டும். இந்த ஸ்பாஞ்ச் முதல் பத்து நிமிஷம் சொகுசாக இருக்கும். அப்புறம் எடையில் அமுங்கிப்போய், பிட்டத்து எலும்பு நேராக பிளாஸ்டிக் தட்டில் இடிக்கும். விரலால் அமுக்கிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. முழு எடையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

டேங்க் பக்கம் தேவைக்கு மேல் சீவியதால் சீட் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. ஏற்காடு இறக்கத்தில் 20 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் பிடிக்கப் பிடிக்க உடம்பு டேங்க் மேல் வழுக்குகிறது, பாரமெல்லாம் மணிக்கட்டுக்குப் போகிறது. பிளாஸ்டிக் ஷீட்டும் கிடையாது. அழகுக்காக உட்காரும் இடத்திலேயே தையல் போட்டிருப்பதால் ஊசித் துளை வழியாக மழை உள்ளே இறங்கி, வெளியே காய்ந்த பிறகும் உட்கார்ந்தால் பேன்ட் நனைகிறது. ஸ்டேப்பிள் பின் சாதா இரும்பு, துரு ஏறிவிட்டது.

இதில் பெரிய நஷ்டம் அந்த ஃபோம். வெட்டியதை ஒட்டி மீட்க முடியாது, புது சீட்தான் வாங்கணும். 4,800 போனது தனி.

கேட்டதற்கு வந்த பதில்கள்: முதலில், "புது சீட்டுண்ணா, ஓட்ட ஓட்ட செட் ஆயிரும்." அடுத்து, "உங்க வெயிட் என்னங்கண்ணா?" பிரித்த சீட்டின் போட்டோவை அனுப்பினால், "வெயில்ல ஜெல் கரைஞ்சிருக்கும்." கரைந்து காணாமல் போக அது என்ன கற்பூரமா? இப்போது போனைக் கடைப் பையன் எடுக்கிறான், ஓனர் வெளியூர் என்கிறான். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது.

என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. உங்கள் ஒரிஜினல் சீட்டைக் கொடுக்காதீர்கள். பழைய சீட் ஒன்று வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். ஜெல் பதித்ததும் கவர் போடும் முன் நேரில் பாருங்கள், போட்டோ எடுங்கள். "மத்தியானம் வாங்க, ரெடியா இருக்கும்" என்றால் சீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். உட்காரும் இடத்தில் தையல் வேண்டாம். ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்காத ஸ்டீல்தானா என்று கேளுங்கள். பாதிப் பணம் மட்டும் முன்பணம். பில்லில் 'ஜெல்' என்ற வார்த்தையும் அதன் கனமும் இருக்கணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகணும், பொருளுக்கோ வேலைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 4,800-க்கு யார் அலைவார்கள் என்பதுதான் அவர் கணக்கு. நான் அலையப்போகிறேன்.