எய்டர்: டெர்மினலில் நெடுநாள் பழகிய பிறகு

நிரல் எழுதும் ஏஐ கருவிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கேட்பது எந்த மாடல் நல்லது என்றுதான். நாம் சொல்வதைக் கேட்டு, நம் நிரல் ஃபைல்களை ஒரு ஏஐ மாடலைக் கொண்டு திருத்தித் தரும் எய்டர் என்ற கருவியை அன்றாட வேலைக்கு நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்: மாடல் இன்று ஒன்று, நாளை ஒன்று. கருவி செய்த மாற்றத்தை உட்கார்ந்து படிக்க முடிகிறதா, பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் தூக்கிப்போட முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எய்டர் 2023-இல் வெளிவந்த திறமூல மென்பொருள். பைதானில் எழுதப்பட்டது, அப்பாச்சி 2.0 உரிமம். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ஓட்டினால் போதும், தனி எடிட்டர் தேவையில்லை. மாடல் இதற்குள் கிடையாது. நமக்குப் பிடித்த நிறுவனத்தின் மாடலை அழைக்க உதவும் ஏபிஐ சாவியைக் கொடுக்கலாம், அல்லது மாடல்களை நம் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமா போன்ற மென்பொருள்களின் வழியாகச் சொந்தக் கணினியில் ஓடும் மாடலை இணைக்கலாம். கருவி இலவசம், மாடலுக்கான செலவு நம்முடையது.

என்னை இதனிடம் கட்டிப்போட்டது, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட் தான். எய்டர் ஒரு மாற்றம் செய்து முடித்ததும் அதைத் தானே கமிட் செய்துவிடும், அதாவது அந்த வரலாற்றில் பதிந்துவிடும், கமிட் குறிப்பையும் எழுதிவிடும். அந்த ஃபைலில் நான் பாதியில் விட்ட மாற்றங்கள் இருந்தால் அவற்றை முதலில் தனிக் கமிட்டாகச் சேமித்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கும். அதனால் என் கையெழுத்தும் அதன் கையெழுத்தும் கலப்பதில்லை. அது செய்த கமிட்டில் எய்டர் என்ற பெயரும் பதிவாகிவிடுவதால், மாதங்கள் கழித்து ஒரு வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று ப்ளேம் போட்டுப் பார்த்தாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். சரிப்படவில்லையா, அன்டூ கட்டளை கொடுத்தால் கடைசியாக அது செய்த கமிட் மட்டும் போய்விடும். ஆரம்பத்தில் இந்தத் தானியங்கிக் கமிட் பலருக்கு எரிச்சலாக இருக்கும், அதை நிறுத்தவும் வழி உண்டு. நான் நிறுத்தவில்லை. தனி ப்ராஞ்சில் (கிளையில்) ஓடவிட்டு, மூல நிரலோடு மெர்ஜ் செய்யும்போது (இணைக்கும்போது) எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறேன்.

அதற்காக, எய்டரை அதன் போக்கில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. ஓர் உதாரணம். தேதியைப் படிக்கும் ஒரு ஃபங்ஷன், நாளும் மாதமும் இடம் மாறி வந்த உள்ளீட்டில் தவறான தேதியைத் திருப்பித் தந்தது. அதைச் சோதிக்கும் நிரலான டெஸ்ட் தோல்வி என்று சிவப்பில் நின்றது. 'டெஸ்ட்டை ஓட்டு, பிழையைச் சரிசெய்' என்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பச்சை. கமிட்டைத் திறந்து பார்த்தால் ஃபங்ஷன் அப்படியே இருக்கிறது. டெஸ்ட்டில் எதிர்பார்க்கப்படும் மதிப்பை, அந்தத் தவறான தேதிக்கு ஏற்றபடி மாற்றியிருந்தது மாடல்! கமிட் குறிப்பு என்னவோ பிழை திருத்தப்பட்டது என்று நம்பிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்டூ கொடுத்தேன். அப்புறம் டெஸ்ட் ஃபைலை வாசிக்க மட்டும் என்ற முறையில் சேர்த்துவிட்டு அதே வேலையைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை ஃபங்ஷனுக்குள் போய், வடிவத்தை ஊகிக்கும் இடத்தைச் சரியாகப் பிடித்தது. வாசிக்க மட்டும் என்ற இந்த வசதி எய்டரின் மிகப் பயனுள்ள கட்டளைகளில் ஒன்று என்பேன். எது தொடக் கூடாததோ, அதை முதலிலேயே பூட்டிவிட வேண்டும்.

பெரிய ரெப்போவில், அதாவது ஏராளமான ஃபைல்கள் கொண்ட நிரல் தொகுப்பில், இது எப்படித் தடுமாறாமல் இருக்கிறது என்ற சந்தேகம் நியாயமானது. எல்லா ஃபைலையும் அது மாடலுக்கு அனுப்புவதில்லை. நிரலின் அமைப்பைப் பகுத்தறியும் ட்ரீ-சிட்டர் என்ற கருவி மூலம் எங்கே எந்த கிளாஸ், எந்த ஃபங்ஷன் இருக்கிறது, எது எதை அழைக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு, முக்கியமானவற்றின் தலைப்பு வரிகளை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. வேறு ஃபைல் தேவைப்பட்டால் சேர்க்கட்டுமா என்று கேட்கிறது. ஆனால் எந்த ஃபைல்களில் வேலை என்று நாமே முதலில் சேர்த்துக் கொடுத்தால் பதிலின் தரம் கண்கூடாக மாறும். ஏற்கெனவே தெரிந்த ரெப்போவில்தான் இது பலம். புதிதாகச் சேர்ந்த ப்ராஜெக்டில் முதலில் 'ஆஸ்க்' முறையில், எதையும் மாற்றவிடாமல் கேள்வி மட்டும் கேட்பதே நல்லது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. உரையாடல் நீள நீள, பழைய பேச்சும் சேர்ந்த ஃபைல்களும் ஒவ்வொரு கேள்வியோடும் மறுபடி போகின்றன. மாடல் உரையைத் துண்டு துண்டாக, டோக்கன் என்ற அலகில் எண்ணுகிறது; டோக்கன்ஸ் கட்டளை எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டிவிடும். வேலை முடிந்த ஃபைலை ட்ராப் கட்டளையால் உரையாடலிலிருந்து நீக்குவது, அடுத்த வேலைக்கு முன் உரையாடலை க்ளியர் செய்வது, இரண்டும் கைப்பழக்கமாக வேண்டும். செலவு குறைவதோடு மாடலின் கவனமும் கூடும்.

சொந்தக் கணினியில் ஓடும் சிறிய மாடல்களை மனசார விரும்பித்தான் முயன்றேன், நிரல் வெளியே போகக் கூடாத இடங்களில் அதுதான் வழி. சிக்கல் வருவது திருத்தும் முறையில். பழைய வரிகளை அச்சு அசலாகக் குறிப்பிட்டு, அதற்குப் பதில் இது என்று மாடல் எழுதித் தர வேண்டும். ஓர் இடைவெளி பிசகினாலும் அந்தத் திருத்தம் பொருந்தாது, எய்டர் மறுபடி கேட்கும். சிறிய மாடல்கள் இங்கேதான் திணறுகின்றன. முழு ஃபைலையும் எழுதித் தரும் முறைக்கு மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம், சின்ன ஃபைலாக இருந்தால். இன்னொன்று, கான்டெக்ஸ்ட் அளவு, அதாவது மாடல் ஒரே நேரத்தில் கவனிக்கும் உரையின் அளவு, போதுமானதாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது போதாவிட்டால் நாம் அனுப்பியதில் ஒரு பகுதி எச்சரிக்கையே இல்லாமல் வெட்டப்பட்டு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரக்கூடும்.

டெஸ்ட் எழுதுவது, பெயர் மாற்றுவது, ஒரே மாதிரித் திருத்தத்தைப் பல ஃபைலில் செய்வது, பழைய லைப்ரரியிலிருந்து புதியதற்கு மாறுவது எல்லாம் இப்போது இதனிடம்தான். கடவுச்சொல், பணப் பரிமாற்றம், டேட்டாபேஸ் மைக்ரேஷன் (தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றுவது) ஆகியவற்றைத் தொடும் நிரலை இன்னும் நானே எழுதுகிறேன். எய்டரிடம் அதைக் காட்டி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.