கூலண்ட் என்று பச்சைத் தண்ணீர்! காரில் காஷ்மீர் போகிறவர்கள் கவனிங்க

கன்னியாகுமரியிலிருந்து 44ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஸ்ரீநகர் வரை போகலாம், ஜனவரியில் குடும்பத்தோடு கிளம்பினோம். போகும் முன் நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டு, பனியில் ஓட்டப் போகிறேன், பழைய கூலண்டை முழுசா வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்க என்று இரண்டு தடவை சொன்னேன். என்ஜின் சூட்டைத் தணிக்கிற, குளிரில் உறையாத திரவம்தான் கூலண்ட். பில் 2,400 ரூபாய். டப்பாவில் பச்சையாகத் தெரிந்தது, சரி என்று வந்துவிட்டேன். முட்டாள்தனம்தான்.

பஞ்சாப் மூடுபனியில் அரை நாள் முடங்கியதோடு கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். டிசம்பர் 21 முதல் 40 நாளைக் காஷ்மீரில் சில்லாய் கலான் என்பார்கள், உச்சக் குளிர். பஹல்காமில் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஹீட்டரில் ஐஸ் காற்று, கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. பானட்டைத் திறந்தால் கூலண்ட் டப்பாவுக்குள் பச்சைக் குச்சி ஐஸ்! அங்குள்ள மெக்கானிக் ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் உருக்கி, விரலால் தேய்த்துப் பார்த்து, "பானி", அதாவது தண்ணீர், என்றார். அவ்வளவுதான். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும், ரேடியேட்டர் அடியில் விரிசல். அனந்த்நாக் வரை கட்டி இழுத்து, 3 நாள், 19,000 ரூபாய்.

நம்ம ஊரில் இந்தத் திருட்டு சட்டென்று மாட்டாது. மார்கழியிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவர்கள் நாம், சாயத் தண்ணீரிலேயே வண்டி ஓடும், உள்ளே துருப் பிடிப்பது வருஷங்கள் கழித்துத்தான் தெரியும்.

திரும்பி வந்து நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்காரரைக் கேட்டால், "அண்ணே, அந்தக் குளிருல எந்தக் கூலண்டும் உறையத்தான் செய்யும்" என்கிறார். பொய். கூலண்டில் உறையாமல் காக்கும் ரசாயனமான கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18தான். அனந்த்நாகில் வண்டியிலிருந்து வடித்ததை ஒரு டம்ளரிலும், கடையில் சீலோடு வாங்கிய கூலண்டை இன்னொன்றிலும் ஊற்றி ஃப்ரீசரில் நெத்திலிப் பொதிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் ஒன்று கல், மற்றது எண்ணெய் மாதிரி ஓடியது. கிளம்பும் முன் நீங்களும் இப்படிப் பாருங்க, விஷம், பிள்ளைகள் கையில் படாமல், டம்ளரை அப்புறம் தூக்கிப் போட்டுவிடுங்க.

அந்தக் கல் டம்ளரை ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்தேன். 2,400ஐ எண்ணிக் கொடுத்தார். ரேடியேட்டர் காசுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.