பழைய பிக்கப்புக்கு முதலில் எது: பெரிய ஆல்டர்னேட்டரா, புதிய வயரிங்கா?

கிருஷ்ணகிரியில் மாங்காய் ஏற்றிக்கொண்டு இரவில் தொப்பூர் கணவாயில் இறங்கும் பழைய பிக்கப்பின் முகப்பு விளக்கு மங்கினால், பலரும் உடனே இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு 65 ஆம்பியர் கொண்டதைப் பொருத்த எண்ணுகிறார்கள். ஆனால் 55 வாட் விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 9 ஆம்பியரே தேவை. நல்ல நிலையிலுள்ள பழைய ஆல்டர்னேட்டரே அதைத் தாங்கும். குறை பெரும்பாலும் துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடம்), சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும் மெல்லிய வயரிலும்தான் இருக்கிறது. அங்கே 1 வோல்ட் வீணானாலே ஒளி ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும், மலைப்பாதையில் அது சிறிய இழப்பல்ல. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாக விளக்குக்கு நேராகத் தடித்த வயர் இழுத்தால் அந்த ஒளி திரும்பக் கிடைக்கும்.

மாறாக, சார்ஜிங் மின்னோட்டம் முழுவதும் டேஷ்போர்டிலுள்ள ஆம்பியர் மீட்டர் வழியாகப் பாயும் வண்டிகளில், பழைய வயரிங்கை அப்படியே விட்டுப் பெரிய ஆல்டர்னேட்டரை மட்டும் மாட்டினால், வயர் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமே கூடுகிறது. ஆகவே வயரிங்கே முதலில் என்பது என் உறுதியான கருத்து. ஏசியோ கூடுதல் விளக்குகளோ சேர்ப்போர் பின்னர் ஆல்டர்னேட்டரை மாற்றலாம். அப்போது அதிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ. செம்புக் கேபிளும், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸும் போட வேண்டும்.