கடல் கலந்ததா, பண்ணை கலந்ததா?

தொட்டியில் வளர்க்கக் கலப்பினக் கோமாளி மீன் வேண்டும் என்பவர் முன்னால் இரண்டு வகை நிற்கும். ஒன்று கடலே செய்தது: பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் பக்கம் வாழும் வெண்தொப்பி மீன். உச்சந்தலையில் பால் சொட்டிய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. இதை ரொம்ப நாள் தனி இனம் என்றே எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, ஆரஞ்சுத் துடுப்பு இனமும் முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இன்னோர் இனமும் ஒரே கடல் சாமந்தியில் (பூப்போல விரிந்திருக்கும் கடல் விலங்கு, கோமாளி மீனின் வீடு) குடியிருந்து பெற்ற பிள்ளை இது என்று. கோமாளி மீன் ஜோடியில் உருவில் பெரியதுதான் பெண். இந்த இரண்டு இனத்தில் பெரியது ஆரஞ்சுத் துடுப்பு, அதனால் அம்மா அதுதான். இந்தப் பிள்ளைகளும் மலடல்ல, அப்பா இனத்தோடு மறுபடி சேர்கின்றன.

மற்றது பண்ணைக் கலப்பு, பெரும்பாலும் ஒசெல்லாரிஸ், பெர்குலா என்ற இரண்டு கோமாளி மீன் இனங்களைச் சேர்த்தது. அசல் மீன் என்றால் முதுகுத் துடுப்பு முள்ளை எண்ணலாம்: ஒசெல்லாரிஸுக்குப் பொதுவாக 11, பெர்குலாவுக்கு 10. கலப்பில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. விற்கும் பெயரும் நிறத்துக்கு வைத்ததுதான். பெற்றோர் யார் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஆனால் தொட்டியிலேயே பிறந்ததால் உலர்தீனியைத் தயங்காமல் தின்னும்.

முதல் மீன் என்றால் என் ஓட்டு பண்ணைக்கே. குஞ்சு பொரித்தால் மட்டும் அசல் பெர்குலா என்று சொல்லி விற்றுவிடாதீர்கள்.