கவுண்டி வாரியாக ஒரு வீட்டுக் கணக்கு: காங்கிரஸ் நூலகத்தின் ‘ஹேப்ஸ்’ தொகுப்பு

பாலக்கோட்டுக்கு அருகே இருந்த எங்கள் பூர்வீக வீடு பாகப்பிரிவினைக்குப் பிறகு இடிபடப்போவது உறுதியானபோது, அதை ஒழுங்காக அளந்து ஒரு வரைபடமாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. முப்பது ஆண்டுகளாகத் தருமபுரியில் கட்டட வரைவாளராக இருந்து எத்தனையோ புது வீடுகளுக்கு அனுமதி வரைபடம் போட்டிருக்கிறேன். ஆனால் நிற்கிற பழைய வீடொன்றை அதன் கோணல்களோடு உள்ளது உள்ளபடி தாளில் இறக்குவது வேறு வேலை என்பது, அளவு நாடாவைப் பிடித்த முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. முன்மாதிரி தேடிப் போனபோது அகப்பட்டதுதான், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்புத் தொகுப்பு. அதை அங்குள்ளவர்கள் ‘ஹேப்ஸ்’ என்று சுருக்கி அழைக்கிறார்கள்.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்குக் கூலி கொடுக்கவும், அழிந்துகொண்டிருந்த பழைய கட்டடங்களைப் பதிவு செய்யவும் ஒரே திட்டமாக, 1933 நவம்பரில் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த சார்லஸ் பீட்டர்சன் முன்மொழிந்தது இது. அடுத்த ஆண்டே பூங்காத் துறை, காங்கிரஸ் நூலகம், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. இன்றுவரை வேலை நடக்கிறது. மாளிகைகள் மட்டுமல்லாமல் களஞ்சியங்கள், மாவரைக்கும் ஆலைகள், பாலங்கள், பண்ணைக் கொட்டகைகள் வரை இதில் உண்டு. நான் பெரும்பாலும் கிராமப்புறக் கவுண்டிகளின் (நம் மாவட்டம்போல மாநிலத்தின் உட்பிரிவுகள்) வீடுகளையே பார்த்தேன். என் கருத்தும் அவற்றைப் பற்றியதே.

ஒரு வீட்டின் பதிவைத் திறந்தால் பொதுவாக மூன்று வகைப் பொருள்கள் கிடைக்கும்: பெரிய நெகட்டிவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், அளந்து வரைந்த தாள்கள், வீட்டின் வரலாற்றைச் சொல்லும் தட்டச்சுப் பக்கங்கள். மூன்றும் எல்லா வீட்டுக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. பல வீடுகளுக்கு இரண்டு படங்களோடு கதை முடிந்துவிடுகிறது. வரைந்த தாள்கள் இருக்கும் இடத்தில்தான் இந்தத் தொகுப்பின் அருமை தெரிகிறது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டின் மூலையை மட்டும் தனியாகப் பெரிதாக்கி வரைந்திருக்கிறார்கள். புறாவின் வால் விரிவதுபோல ஒவ்வொரு கட்டையின் நுனியையும் செதுக்கி, மேல் பக்கத்தைச் சரிவாக விட்டிருக்கிறார் தச்சர். அந்தச் சரிவு கட்டைகளை ஒன்றோடொன்று கவ்வ வைப்பதோடு, மழைநீர் இடுக்கில் தங்காமல் வெளியே வடியவும் செய்கிறது. ஆணி ஒன்றுகூட இல்லாமல் அந்த மூலை ஏன் இத்தனை காலம் மக்காமல் நின்றது என்பதை நீண்ட கட்டுரை விளக்குவதைவிட அந்தக் கோடுகள் தெளிவாக விளக்கிவிடுகின்றன.

தென்மாநிலங்களில் அடிக்கடி காணப்படும் இன்னொரு வீட்டு வகை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. இரண்டு மர அறைகளை இடைவெளி விட்டுக் கட்டி, இரண்டையும் ஒரே கூரையால் மூடி, நடுவில் காற்று ஊடுருவிப் போகும் திறந்த நடை ஒன்றை விட்டிருப்பார்கள். கோடையில் சாப்பிடுவதும் வேலை செய்வதும் ஓய்வதும் அந்த நடையில்தான். நாய்கள் ஓடித் திரியும் இடம் என்ற பொருளில் அதற்கு ‘டாக்டிராட்’ என்று பெயர். தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. வடக்கே போகப் போக வீட்டின் முகம் மாறுகிறது. ஓர் அறை ஆழமும் இரண்டு அறை அகலமுமாக மாடியோடு நிமிர்ந்து நிற்கும் வீட்டை ‘ஐ’ வீடு என்கிறார்கள். இந்தியானா, இல்லினாய், அயோவா ஆகிய ‘ஐ’ எழுத்து மாநிலங்களில் அதிகம் கண்டதால், ஃபிரெட் நிஃபன் என்ற புவியியலாளர் 1936இல் வைத்த பெயர் அது.

இனி குறைகளுக்கு வருகிறேன். தொகுப்பின் அடுக்கு எண்ணிலேயே மாநிலம், கவுண்டி, ஊர் என்ற வரிசை இருக்கிறது. மாநிலத்தின் கவுண்டிகளை அகர வரிசையில் எண்ணி, அந்த எண்ணையே போட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் 51 என்றால் ஃபிலடெல்ஃபியா. இது தெரிந்த பிறகு தேடுவது எளிது. தெரிவதற்கு முன்பு நான் இரண்டு வாரம் வீணாக அலைந்தேன். ஒரே வகை வீட்டை ஒருவர் ‘டாக்டிராட்’ என்றும் இன்னொருவர் ‘இரட்டை மரவீடு’ என்றும் குறித்திருப்பதால், வகைப் பெயரைக் கொண்டு தேடினால் பாதி தப்பிவிடும். நாட்டுப்புற வீடுகளுக்கு ஊர்ப் பெயரைப் போட்டு ‘அருகில்’ என்று முடித்துவிடுகிறார்கள். எத்தனை கல் தொலைவு, எந்தத் திசை என்று பார்க்க வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாக வேண்டும், அந்தப் பக்கம் இருந்தால். புல எண்ணும் உட்பிரிவும் இல்லாமல் ஒரு மனையைக் குறிப்பிடத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு இது எரிச்சலைத் தரும். அளக்கப்பட்ட நாளில் வீடு இருந்த நிலையைத்தான் பதிவு சொல்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. படத்தில் கம்பீரமாக நிற்கும் வீடு இன்று வெறும் மேடாக இருக்கலாம்.

வீடுகளுக்கு இந்தத் தொகுப்பு என்றால், அவை நிற்கும் நிலத்துக்கு அந்நாட்டு நில மேலாண்மைத் துறையின் இணையப் பதிவேட்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் இலவசம். மாநிலத்தையும் கவுண்டியையும் பெயரையும் கொடுத்தால், அரசு முதல் முதலாக அந்த நிலத்தைத் தனியாருக்கு வழங்கிய பத்திரத்தின் படமே கிடைக்கிறது. நம் கணக்கில் அதை முதல் பட்டா என்று கொள்ளலாம். வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களுக்கும் டெக்சாசுக்கும் இது உதவாது. அங்கெல்லாம் நிலத்தை வழங்கியது மத்திய அரசு அல்ல.

1785ஆம் ஆண்டு நிலச் சட்டம், ஆறு மைலுக்கு ஆறு மைல் என்ற சதுரங்களாக நாட்டை வெட்டி, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாகப் பிரித்தது. பின்னாளில் நிலைத்த எண் வரிசைப்படி வடகிழக்கு மூலையில் ஒன்றில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, மாடு கட்டி உழுகிறவர் சால் திருப்புவதுபோல எண்கள் ஓடுகின்றன. 16ஆம் துண்டைப் பள்ளிக்கு ஒதுக்கினார்கள். அளந்தது நாம் பிடித்த அதே 66 அடிச் சங்கிலி. இந்தச் சட்டம் வந்து ஏழே ஆண்டுகளில், 1792இல், எங்கள் தருமபுரி அடங்கிய பாராமகால் சீமை ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளக்கத் தொடங்கினார்கள். வேறுபாடு ஒன்றுதான்: இங்கே ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவரின் வரப்பைச் சுற்றிச் சங்கிலி போயிற்று, ஆகவே நம் புலப்படம் கோணல் மாணலாக இருக்கிறது; அங்கே கோட்டை முதலில் போட்டுவிட்டு ஆளைப் பிறகு குடியேற்றினார்கள். 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம் என்றானதும், ஒவ்வொருவரும் தம் நிலத்திலேயே வீடு கட்டியாக வேண்டியிருந்தது. நத்தத்தில் நெருக்கமாகக் குடியிருந்து காட்டுக்கு நடந்துபோகும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர். அந்தப் படங்களில் கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு தெரியாததற்குக் காரணம் இதுவே.

ஆனால் அந்தக் கோடுகள் வெற்றிடத்தில் விழவில்லை. நெப்ராஸ்காவின் கேஜ் கவுண்டி, 1862ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே டேனியல் ஃப்ரீமன் நிலம் கேட்டுப் பதிவு செய்ததால் பெயர் பெற்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் ஓட்டோ, மிசூரியா பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்து அங்கே ஒரு சிறு பகுதியில் ஒதுங்கினார்கள். 1881இல் அங்கிருந்தும் ஓக்லகோமா பக்கம் போனார்கள். குடியேறியவரின் பத்திரத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. ஹேப்ஸ் தொகுப்பிலும் வீடுகள் பெரும்பாலும் உடைமையாளர் பெயரிலேயே இருக்கின்றன. தெற்கின் பண்ணைகளில் அடிமைகள் வசித்த குடில்களையும் படமெடுத்திருக்கிறார்கள், அது பாராட்டத்தக்கது. எனினும் குடில் பண்ணைக்காரரின் பெயருக்குக் கீழ் உட்பிரிவாகத்தான் நிற்கிறது. தாளின் ஓரத்தில் வரைந்தவரின் பெயர் இருக்கிறது, என் தொழில்காரன் என்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். சுவரை எழுப்பியவரின் பெயரைப் பல இடங்களில் காணவில்லை.

பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். உறுப்பினராகச் சேரவோ கடவுச்சொல் வைக்கவோ வேண்டாம். வரைபடங்களின் மூலக் கோப்புகள் மிகப் பெரியவை. எங்கள் ஊர் இணைப்பில் ஒன்றை இறக்குவதற்குள் தேநீர் குடித்துவிட்டு வரலாம். தாளிலேயே அளவுகோல் வரைந்திருப்பதால் எந்த அளவில் அச்சிட்டாலும் கணக்கு தப்பாது. தரைப்படங்கள் பெரும்பாலும் கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற விகிதத்தில் உள்ளன. நம் கொத்தனார்களுக்கும் அடிக்கணக்குதான் பழக்கம் என்பதால் படிப்பதில் சிரமமில்லை. அரசு எடுத்த படங்களை யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். வேறிடத்திலிருந்து நகலெடுத்துச் சேர்த்தவற்றுக்கு மட்டும் உரிமைக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கெடுப்பின் வழிகாட்டிப் பக்கங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. ஒவ்வொரு துண்டாக அளந்து கூட்டாதே, நாடாவை ஒரு மூலையில் பூஜ்யமாக வைத்துவிட்டுச் சன்னலின் இப்பக்கம், அப்பக்கம், தூண் என்று தொடர்ச்சியாகப் படித்துக்கொண்டே போ என்கிறார்கள். அப்போதுதான் சின்னத் தவறுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படியே எங்கள் வீட்டை அளந்தேன். திண்ணைச் சுவர் மேற்கே ஒரு சாண் விலகியிருந்ததை ஐம்பது வருடம் அதில் உட்கார்ந்திருந்தும் நான் கவனித்ததில்லை.

பிறகு அவர்களுடைய வரலாற்றுப் பக்கத்தின் தலைப்புகளையே எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். உடைமையாளர் வரிசை எளிதாக இருந்தது. ‘சேலம் ஜில்லா’ என்று தொடங்கும் பழைய பத்திரத்திலிருந்து, 1965இல் தருமபுரி மாவட்டம் பிறந்ததற்குப் பிந்தைய பாகப் பத்திரம் வரை எல்லாம் பெட்டியில் இருந்தன. ‘கட்டியவர்’ என்ற தலைப்பில் நின்றுவிட்டேன். எண்பத்தாறு வயதான அத்தையிடம் கேட்டேன். “பென்னாகரத்துப் பக்கம் இருந்து வந்தாங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பேரெல்லாம் அப்ப யாரு கண்ணு கேட்டாங்க?” என்றார். அந்த இரண்டு வாக்கியங்களை அவர் சொன்னபடியே தலைப்புக்குக் கீழே எழுதி, அதற்குப் பக்கத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், பென்னாகரத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.