பெட்டா மீன் ஸ்டார்ட்டர் கிட்: நான்கு மாதம் வைத்துப் பார்த்ததில் எது உதவியது, எது கெடுத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டா மீன் (ஃபைட்டர் மீன் என்பார்களே, அதுதான்) வளர்க்கப் போகிறவர்கள் இந்த மாதிரி கிட்டை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, உள்ளே மீனும் நீந்திக்கொண்டிருக்கிறது என்றால் பதறவும் வேண்டாம். நானும் அதே நிலையில்தான் இருந்தேன், என் மீன் இன்றைக்கு நன்றாக இருக்கிறது. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இதே அளவில் இதே வாசகங்களோடு பலர் விற்கிறார்கள், ஒருவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

நான் வாங்கியது இரண்டரை லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. கூடவே ஒரு பை ஊதா நிறக் கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி, சின்ன டப்பாவில் உணவு, ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து, கைக்கு அடக்கமான வலை, நிறம் மாறும் எல்இடி விளக்கு வைத்த மூடி, அப்புறம் பெட்டியின் நடுவே செருகுகிற ஒரு தடுப்பு. அட்டையில் மூன்று வரி பெரிதாகப் போட்டிருந்தது: ஃபில்டர் தேவையில்லை, ஹீட்டர் தேவையில்லை, வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் போதும். அந்த மூன்று வரியை நம்பித்தான் வாங்கினேன். மூன்றுமே தப்பு.

மீன் நல்ல நீலம், ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவப்பு, மகள் நீலன் என்று பெயர் வைத்தாள். முதல் இரண்டு நாள் பெட்டி முழுக்கச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள் காலையில் கூழாங்கல் மேல் சாய்ந்தபடி கிடந்தான், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே போய் ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே வந்து படுத்துக்கொண்டான். “அம்மா, இவன் ஏன் எப்பவும் தூங்கிட்டே இருக்கான்?” என்று மகள் கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வால் துடுப்புகள் விரியாமல் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மடங்கிக் கிடந்தன. மறுநாள் பார்த்தால் வால் ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கறுப்பு, இரண்டு இடத்தில் கிழிசல்.

அன்று மாலையே தண்ணீர் சோதிக்கும் திரவ டெஸ்ட் கிட் வாங்கினேன். கிட்டில் இல்லாத பொருள்களில் முதலில் வாங்க வேண்டியது இதுதான். கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே நிற்கும், என்னுடையது கண்ணெதிரே பச்சையாக மாறியது. அட்டையோடு வைத்துப் பார்த்தால் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீனுக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு மாதிரி இருந்தது, வாடை எதுவும் இல்லை. கண்ணை நம்பித் தண்ணீரை எடைபோடக்கூடாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

என்ன நடக்கிறது என்றால், மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கிறது. பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றியே குறைத்துவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகும். புதுப் பெட்டியில் அவை கிடையாது, ஃபில்டரும் இல்லையென்றால் சரியாகக் குடியேற இடமும் கிடையாது. கல்லைப் போட்டபின் என் பெட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர்தான் நின்றது. அதே மீன், அதே கழிவு 20 லிட்டரில் கலந்திருந்தால் பத்தில் ஒரு பங்குதான் ஏறியிருக்கும்.

இங்கேதான் பெட்டாவைப் பற்றிய பெரிய தப்பெண்ணம் இருக்கிறது. இந்த மீனுக்குச் செவுளுக்கு மேல்பக்கமாக லாபிரிந்த் என்ற ஓர் உறுப்பு உண்டு, அதை வைத்து மேலே வந்து நேரடியாகக் காற்றை எடுத்து மூச்சுவிடும். அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் சாகாமல் தாக்குப்பிடிக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ‘சின்னக் கிண்ணமே போதும்’ என்கிறார்கள். தாக்குப்பிடிப்பது வேறு, நன்றாக வாழ்வது வேறு. காற்றில் மூச்சுவிட்டால் அம்மோனியா செவுளை எரிக்காமல் விட்டுவிடுமா என்ன? இதன் சொந்த ஊர் தாய்லாந்து, 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே இது இருப்பது வயல்களிலும் சதுப்புகளிலும் மெதுவாக ஓடும் ஓடைகளிலும். தண்ணீர் ஆழம் குறைவுதான், ஆனால் பரப்பு பெரியது, செடிகொடி மண்டிக் கிடக்கும், வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை அதோடு ஒப்பிடவே முடியாது.

ஹீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டாவுக்கு 25 முதல் 28 டிகிரி வரை வேண்டும், அதைவிட முக்கியம் அது ஏறி இறங்காமல் நிற்பது. சந்தேகப்பட்டு ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன், பிற்பகலில் 27, விடியற்காலையில் 22. இரண்டு லிட்டர் தண்ணீர் அறை குளிர்ந்ததும் கூடவே குளிர்ந்துவிடுகிறது. மீனின் உடம்பு தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடு, அதனால் குளிர்ந்தால் செரிமானமும் நோயெதிர்ப்பும் சேர்ந்தே மந்தமாகிவிடும். உங்கள் அறை இரவும் பகலும் 25-க்குக் கீழே போகாது என்றால் ஹீட்டர் இல்லாமல் சமாளிக்கலாம், ஆனால் அதையும் தெர்மாமீட்டர் வைத்து விடியற்காலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிட்டில் வந்த ஒவ்வொன்றையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்டி-குளோரின் மருந்து நல்ல பொருள், கட்டாயம் வேண்டியதும்கூட. குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், குளோராமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் அப்படிப் போகாது, மருந்துதான் போட வேண்டும். வலை பரவாயில்லை, கொஞ்சம் முரடு, நீண்ட துடுப்புள்ள மீனை அதால் பிடிக்காமல் ஒரு குவளையை அமிழ்த்தி மெதுவாக உள்ளே வரவிட்டு எடுப்பது நல்லது. உணவு சுமார்தான். செதிலாக இருந்தது, டப்பாவின் பின்னால் முதலில் எழுதியிருந்த பொருள் கோதுமை மாவு. பெட்டா பூச்சியும் புழுவும் தின்கிற மீன், அதற்குக் கோதுமை மாவு எதற்கு? செதில் தண்ணீரில் கரைந்து தண்ணீரையும் கெடுக்கும். இப்போது மீன் தூளும் புழுவும் முதலில் வருகிற சின்ன பெல்லட் வாங்கியிருக்கிறேன், காலையில் மூன்று, மாலையில் மூன்று. வாரத்தில் ஒரு நாள் பட்டினி, ஒரு நாள் உறைய வைத்த டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சி. கெஞ்சுகிற மாதிரி கண்ணாடிக்கு வந்து நிற்பான், எப்போதுமே நிற்பான், அதைப் பார்த்து அள்ளிப் போடாதீர்கள், வயிறு உப்பிப் பக்கவாட்டில் மிதக்கிற பெட்டாக்களில் பல அளவுக்கு மீறித் தின்றவைதான்.

பிளாஸ்டிக் செடிதான் எனக்கு மிகவும் கோபம் வந்த பொருள். கையால் தடவினால் ஒன்றும் தெரியவில்லை. பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்து அதன் இலை ஓரத்தில் மெல்ல இழுத்தேன், மூன்று இடத்தில் நூல் மாட்டி இழுத்துக்கொண்டு வந்தது. காலுறையின் நூலை இழுக்கிற ஓரம் பெட்டாவின் துடுப்பை என்ன செய்யும்! வால் கிழிசலில் பாதியாவது அந்தச் செடியால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எதைத் தொட்டிக்குள் வைத்தாலும் முதலில் இந்தக் காலுறை சோதனையைச் செய்துவிடுங்கள்.

தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளி ஊடுருவும் தடுப்பு, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஆண் மீன் என்று அட்டையில் படம். தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நாள் முழுக்கச் செவுளை விரித்துக்கொண்டு நிற்கும், ஓய்வே இருக்காது. பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக ஓர் உயிரை அப்படி வைக்கக்கூடாது. மூடியிலுள்ள நிறம் மாறும் விளக்கையும் அணைத்துவிட்டேன். மூடி மட்டும் அவசியம், பெட்டா நன்றாகவே துள்ளும், ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டால்தான் அவன் மேலே வந்து மூச்செடுக்க முடியும்.

சரி, நான் என்ன செய்தேன்? அம்மோனியா பச்சை காட்டிய அன்றே பாதித் தண்ணீரை மாற்றினேன், மருந்து போட்டு, பழைய தண்ணீரின் அதே வெப்பத்துக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஊற்றினேன். முழுத் தண்ணீரையும் ஒரே வீச்சில் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தேய்த்துக் கழுவச் சொல்லி கிட்டின் தாளில் இருக்கிறது, அதைச் செய்ய வேண்டாம், மீன் ஒவ்வொரு வாரமும் ஓர் அதிர்ச்சியைத் தாங்க வேண்டியிருக்கும். பெரிய தொட்டி ஒன்று வாங்கி, அது வந்து சேரும்வரை தினமும் இப்படித்தான் மாற்றினேன்.

20 லிட்டர் கண்ணாடித் தொட்டி, வெப்பத்தைப் பொறுத்துத் தானாகவே அணைந்து எரியும் 50 வாட் ஹீட்டர், சின்ன ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். பெட்டாவுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் பொருத்தம், நீரோட்டம் பலமாக இருந்தால் அந்தப் பெரிய துடுப்பைத் தூக்கிக்கொண்டு அது நாள் முழுக்க எதிர்நீச்சல் போட வேண்டும். குழாயில் ஒரு வால்வு வைத்துக் காற்றைக் குறைத்திருக்கிறேன். பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையென்றால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை அணைத்துச் சிறிது நேரம் விடுங்கள், சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் ஹீட்டரின் கண்ணாடி வெடிக்கலாம். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிட்டுத் திரும்ப வையுங்கள், குளோரின் பட்டால் வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா போய்விடும்.

புதுத் தொட்டியும் பழக வேண்டுமே, அதனால் நீலன் உள்ளே இருக்கும்போதே அந்த வாரங்களைக் கடந்தோம். தினமும் டெஸ்ட், அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.25-ஐத் தொட்டால் கால் பங்கு தண்ணீர் மாற்றம். மூன்றாவது வாரத்தில் நைட்ரைட் குழாய் வானநீலத்திலிருந்து ஊதாவுக்குப் போனது, அந்த வாரம் இரண்டு வேளையும் தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவது வார முடிவில் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் 10. தெரிந்தவர் யாராவது நோயில்லாத பழைய தொட்டி வைத்திருந்தால் அவர்களுடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள், இந்தக் காலம் பாதியாகக்கூடக் குறையும். மீன் வாங்குவதற்கு முன்பே தொட்டியைப் பழக்கிவிட்டால் இந்தப் பாடு மீனுக்குக் கிடையாது, முடிந்தவர்கள் அப்படியே செய்யுங்கள்.

வால் ஓரக் கறுப்புக்கு மருந்து எதுவும் போடவில்லை. தண்ணீர் சுத்தமாகி, வெப்பம் 26-ல் நின்றதும் அது பரவாமல் நின்றுவிட்டது. பரவி உடம்பை நெருங்கியிருந்தால் மருந்துக்குத்தான் போயிருப்பேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன், நீல வாலின் ஓரத்தில் கண்ணாடித் தாள் போல நிறமே இல்லாத ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தது. புதுத் துடுப்பு முதலில் அப்படித்தான் வளரும், நிறம் பிறகு ஏறும். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், இரண்டு பேரும் மூச்சுப் படாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அவன் தூங்குவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிற அனுபியாஸ் இலைமேல். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் குறைந்த வெளிச்சத்திலேயே வளரும், தண்டை மண்ணில் புதைக்காமல் கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட்டால் போதும். மேற்பரப்பில் குமிழிக்கூடு கட்டுகிறான், அது மகிழ்ச்சிக்கு அடையாளம் என்று பலர் சொல்வார்கள், வளர்ந்த ஆண் மீன் இயல்பாகச் செய்வதுதான், கெட்ட தண்ணீரிலும் கட்டும். அதை வைத்து எல்லாம் சரி என்று முடிவுகட்ட வேண்டாம், டெஸ்ட் கிட்டை வைத்து முடிவெடுங்கள்.

கிட்டுக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் சொட்டு மருந்துக்கும் மூடிக்கும் மட்டும். பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. புதிதாக வாங்குகிற செடியை அதில்தான் இரண்டு வாரம் தனியாக வைக்கிறேன், நத்தை முட்டை ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும். இப்போதும் ஒரு ஜாவா ஃபெர்ன் உள்ளே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நீலனின் தொட்டிக்கு மாற்ற வேண்டும்.